தொலைந்த இழுவையைத் தேடி

1952ஆம் ஆண்டு மே 30. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் ஐந்நூறு மைல் பந்தயத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்றது ஒரு டீசல் கார். கம்மின்ஸ் நிறுவனம் தன் 6.6 லிட்டர் லாரி எஞ்சினைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, தரையை ஒட்டி அமைந்த கர்ட்டிஸ் கிராஃப்ட் உடலில் பொருத்தி, டர்போவும் மாட்டியிருந்தது. அந்தத் திடலில் டர்போ பூட்டிய கார் பந்தயத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. ஓட்டுநர் ஃபிரெட் அகபாஷியன் தகுதிச் சுற்றில் மணிக்கு 138 மைல், அதாவது 222 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஓட்டி முதல் இடத்தைப் பிடித்திருந்தார்.

பந்தயம் மொத்தம் 200 சுற்று. 71 சுற்றோடு அந்தக் கார் ஒதுங்கிவிட்டது. யார் மீதும் மோதவில்லை, தீப்பிடிக்கவில்லை. காரணம் காரின் மூக்கிலேயே இருந்தது. டர்போ காற்றை உறிஞ்சும் வாயை அங்கே தாழ்வாக வைத்திருந்தார்கள். முன்னே ஓடிய கார்களின் டயர்களிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகளும் திடலின் குப்பையும் சுற்றுக்குச் சுற்று அதில் போய்ச் சேர்ந்து வழியை அடைத்துவிட்டன. டீசல் போதுமான அளவு இருந்தது. அதை எரிக்கக் காற்று இல்லை.

டர்போ எஞ்சினின் நூறாண்டுச் சரித்திரத்தில் இதே வழக்கு வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு உருவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது, சத்தமும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்டி இழுக்கவில்லை. பழுது பார்ப்பவர் முதலில் சந்தேகப்படுவது டர்போவை. வண்டியிலேயே விலை கூடிய சாமான்களில் ஒன்று அது. குற்றவாளி என்று சொன்னால் நம்பவும் எளிது. பல சமயம் குற்றம் வேறெங்கோ இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கலை எப்படி வளர்ந்தது என்பதே ஒரு தனிச் சரித்திரம்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளும் கூடுதலாக எரியும், திறனும் கூடும். காகிதத்தில் இருந்த இந்த யோசனை கடலில் வெற்றிகாண இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1920களின் நடுவில் ‘பிராய்சன்’, ‘ஹான்சஸ்டாட் டான்சிக்’ என்ற இரு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் பியூக்கியின் முறை பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் தந்த எஞ்சின்கள் 2,500 தந்தன.

கப்பலுக்கு முன்பே விமானம் இதைத் தேடி வந்திருந்தது. மேலே போகப் போகக் காற்று மெலியும், எஞ்சின் தளரும். இழுவை ஏன் குறைகிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை, எவ்வளவு குறைகிறது என்று துல்லியமாக அளப்பதுதான் வேலை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ் அதற்காக 1918இல் லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோனார். உயரம் ஏறத்தாழ 4,300 மீட்டர். கீழே 350 குதிரைத்திறன் காட்டிய எஞ்சின், டர்போ இல்லாமல் உச்சியில் 230தான் காட்டியது. டர்போவோடு 356. தரையில் ஓடியபோது தந்ததைவிடவும் அது கூடுதல்.

மாஸ் செய்தது ஒரு சோதனை மட்டுமல்ல. திறன் குறைந்தால் முதலில் காற்றை அள என்ற பழக்கத்தை அது விமானத் தொழிலில் ஊன்றியது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் முள் விமானியின் கண்ணெதிரே வந்தது. நான்கு எஞ்சின் கொண்ட விமானத்தில் நான்கு முள்; ஒன்று மட்டும் தாழ்ந்தால் எந்த எஞ்சினில் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். சாலையில் ஓடும் கார்களுக்கு இந்த வசதி வர வெகுகாலம் ஆயிற்று. இன்றும் பல டர்போ கார்களில் அந்த முள் கிடையாது. அது ஒரு குறைதான்.

இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியின் மேல் 25,000 அடி உயரத்தில் பறந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. டர்போ நன்றாக இருக்கும், எஞ்சினும் நன்றாக இருக்கும், ஆனால் அழுத்தம் சொன்னபடி கேட்காது. விமானி நெம்புகோலை நகர்த்தினால் முள் அசையாது. அசைந்தால் எல்லை தாண்டிப் போகும். ஆரம்ப மாதிரிகளில் டர்போவைக் கட்டுப்படுத்தியது எண்ணெயால் இயங்கும் ஒரு சாதனம். சுழியத்துக்கு நாற்பது டிகிரி கீழே போகும் குளிரில், மெல்லிய குழாய்களில் நின்ற எண்ணெய் கெட்டிப்பட்டது. உயரம் ஏறும்போதே நெம்புகோல்களை அவ்வப்போது முன்னும் பின்னும் நகர்த்தி எண்ணெயை ஓட விடுங்கள் என்று விமானிகளுக்குச் சொல்லிவைத்தார்கள். பின்னர் மினியாபொலிஸ் ஹனிவெல் நிறுவனத்தின் மின்னணுக் கட்டுப்பாடு வந்தது; நான்கு டர்போக்களையும் ஒரே குமிழால் ஆளலாம். டர்போவுக்கும் அதற்குக் கட்டளையிடும் உறுப்புக்கும் இடையே தனியாக ஒரு பழுது ஒளிந்திருக்க முடியும் என்பது குளிர் கற்றுத்தந்த பாடம். ஐம்பது ஆண்டுகள் கழித்து டீசல் கார் மெக்கானிக்குகள் இதை இன்னொரு தடவை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

சாதாரண மக்கள் ஓட்டும் காருக்கு டர்போ வந்தது 1962இல். ஜெனரல் மோட்டார்ஸின் இரு பிரிவுகள் சில வாரங்கள் இடைவெளியில் ஆளுக்கொரு காரைக் கொண்டுவந்தன: ஷெவர்லே கார்வேர் மான்சா ஸ்பைடர், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். இவற்றில் ஜெட்ஃபயரின் கதை நின்று கேட்கத் தக்கது.

அதன் 3.5 லிட்டர் அலுமினிய வி-8 எஞ்சின் 215 குதிரைத்திறன் தந்தது. எஞ்சினின் அமுக்க விகிதம் 10.25, டர்போவுக்கு இது மிக அதிகம். அமுக்கிய காற்றின் சூட்டில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்தால் பிஸ்டன் தாங்காது. ஆகவே பொறியாளர்கள் தண்ணீரையும் மெத்தனாலையும் பாதிக்குப் பாதி கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்து, டர்போ வேலை செய்யும்போதெல்லாம் காற்றோடு சேர்த்துத் தெளிக்க விட்டார்கள். அதற்கு ‘டர்போ ராக்கெட் திரவம்’ என்று பெயர். தொட்டி காலியானால்? அதற்கும் வழி செய்திருந்தார்கள். காற்று போகும் பாதையில் இரண்டாவதாக ஒரு தட்டு மூடிக்கொண்டு அழுத்தத்தைக் குறைத்துவிடும். எஞ்சின் பிழைக்கும். இழுவை போய்விடும்.

பல உரிமையாளர்கள் அந்தத் தொட்டியை நிரப்பவே இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்ததையும் பொருட்படுத்தவில்லை. அந்தக் கால ஓட்டுநருக்குக் கார் என்றால் பெட்ரோல், எண்ணெய், தண்ணீர். நான்காவதாக ஒன்று ஊற்ற வேண்டும் என்பது மனதில் பதியவில்லை. வண்டி மந்தமாக இருக்கிறது என்று விற்பனையகத்துக்கு வந்து நின்றார்கள். இரண்டு ஆண்டுகளில் விற்றவை 9,607 கார்கள். டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர நிறுவனம் முன்வந்தது, பலர் ஒப்புக்கொண்டார்கள். இன்று டர்போவோடு எஞ்சியிருக்கும் ஜெட்ஃபயர் அபூர்வம்.

இந்த இடத்தில்தான் சரித்திரம் திசை திரும்புகிறது. இண்டியானாபொலிஸில் இழுவை தொலைந்தது. ஜெட்ஃபயரில் எஞ்சினே இழுவையைத் தர மறுத்தது. முதலாவதில் எது கெட்டது என்று தேட வேண்டும். இரண்டாவதில் எதுவும் கெடவில்லை. ஏன் மறுத்தது என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஓட்டுநர் சொல்லும் புகார் ஒன்றே. ஜெட்ஃபயர் உரிமையாளர்களின் குழப்பம், இன்றைய டர்போ கார் உரிமையாளரின் குழப்பத்துக்கு முன்னோடி.

ஜெட்ஃபயரோடு வந்த ஷெவர்லே கார்வேரிலோ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத் தனி வால்வே இல்லை. சைலன்சரின் எதிர்ப்பைக் கணக்கிட்டு வைத்தே டர்போவின் எல்லையை அமைத்திருந்தார்கள். சைலன்சரை மாற்றினாலே எஞ்சினின் குணம் மாறிவிடும்.

1970களில் பி.எம்.டபிள்யூ 2002 டர்போ, போர்ஷே 911 டர்போ, சாப் 99 டர்போ என்று வரிசையாக வந்தன. பந்தயத்தில் ரெனோ 1977 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் தன் டர்போ ஃபார்முலா ஒன் காரை முதன்முதலாக இறக்கியது. அது பாதியிலேயே நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து டிஜோனில் அதே நிறுவனம் வென்றது. தெருவில் ஓடிய கார்களுக்கோ எண்ணெய் ஒரு தலைவலியாக இருந்தது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. வேகமாக ஓட்டிவந்து சாவியைத் திருப்பி எஞ்சினை உடனே நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்றுபோகும். சூடு மட்டும் அங்கேயே நிற்கும். நின்ற எண்ணெய் கருகி, கரியாகிப் படியும். நிறுத்துமுன் கொஞ்ச நேரம் எஞ்சினைச் சும்மா ஓட விடுங்கள் என்று ஓட்டுநர்கள் இன்றும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அந்தக் காலத்து அனுபவத்தின் எச்சம். டர்போவின் நடுப்பகுதிக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி பரவலாக வந்தபின் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது.

ஜெட்ஃபயர் தட்டால் செய்ததை ஸ்வீடனின் சாப் மின்னணுவால் செய்தது. 1980களின் தொடக்கத்தில் அது கொண்டுவந்த ஏபிசி என்ற அமைப்பில், எஞ்சின் உடலில் ஒட்டிய ஓர் உணரி, உள்ளே பெட்ரோல் தப்பாக வெடிக்கும்போது எழும் ‘தட்டல்’ சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பெட்ரோல் தரக் குறைவாக இருந்து தட்டல் கேட்டால், ஒரு வால்வைத் திறந்து டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும். நல்ல பெட்ரோல் போட்டால் அழுத்தம் ஏறும். அற்புதமான ஏற்பாடு, எஞ்சினின் ஆயுளைக் காப்பாற்றியது. ஆனால் ஒரு வாரம் பறந்த கார் மறு வாரம் தவழ்ந்தால், கோளாறு காரிலா பெட்ரோல் பங்கிலா என்பதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. அழுத்தமானி மாட்டி, பெட்ரோலை மாற்றி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த பெரிய மாற்றம் கணினி. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 கட்டாயமானது. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வடிவச் செருகி, ஒரே வகைக் குறியீடுகள். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் இத்தகைய விதி வந்தது. இந்தியாவில் 2010, 2013 என்று இரண்டு கட்டமாக. புகையைக் கட்டுப்படுத்தப் பிறந்த விதி இது. பழுது தேடும் முறையையே அது மாற்றிவிட்டது. கோயம்புத்தூரிலோ கோலாலம்பூரிலோ ஒரு பட்டறைக்கு இழுக்காத டர்போ கார் வந்தால், பானெட்டைத் திறக்குமுன்பே ‘ஸ்கேனர் போட்டுப் பார்’ என்பார்கள்.

ஸ்கேனர் அடிக்கடி காட்டும் எண்களில் ஒன்று பி0299. கேட்ட அளவு அழுத்தம் வரவில்லை என்று அதற்குப் பொருள். டர்போ கெட்டது என்று பொருள் இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எத்தனையோ நல்ல டர்போக்கள் கழற்றி எறியப்பட்டிருக்கின்றன. காய்ச்சல் என்று வெப்பமானி சொன்னதுமே நோயின் பெயர் தெரிந்துவிட்டதாக மருத்துவர் நினைப்பதற்கு ஒப்பானது அது. குறியீடு தேடலின் தொடக்கம். அங்கிருந்து காற்றின் வழியே நடந்துதான் போக வேண்டும்.

அந்த வழி இப்படி: காற்று வடிகட்டி, டர்போ, அங்கிருந்து ரப்பர் ஹோஸ், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், மறுபடி ஹோஸ், பிறகு எஞ்சின். எஞ்சினைத் தாண்டினால் புகையின் பாதை: டர்போவின் மறுபக்கம், வினையூக்கிப் பெட்டி, சைலன்சர். இந்த நெடுவழியில் எங்கே கசிந்தாலும், எங்கே அடைத்தாலும் ஓட்டுநருக்குத் தெரிவது இழுவைக் குறைவு ஒன்றுதான். பட்டறையில் நிறுத்திப் பார்க்கும்போது பெரும்பாலும் எதுவும் தெரியாது. எஞ்சின் சும்மா ஓடும்போது ஹோஸில் அழுத்தம் கிடையாது. விரிசல் மூடியே இருக்கும், தளர்ந்த கிளிப் பிடித்தது போலவே தோன்றும். மேட்டில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதுதான் விரிசல் வாயைத் திறக்கும். எந்தக் காரணமும் இல்லாமல் இழுவை போகிறது என்று உரிமையாளர் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வழக்கே.

அனுபவசாலிகள் அதனால் வண்டியை ஓட்டாமலே ஹோஸில் அழுத்தம் ஏற்ற வழி கண்டார்கள். காற்று நுழையும் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதன் வழியே கம்ப்ரசர் காற்றை அளவோடு ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் குமிழி வரும். இன்று கொஞ்சம் வசதியான பட்டறைகளில் புகை இயந்திரம் இருக்கிறது; உள்ளே ஏற்றிய வெண்புகை ஓட்டை இருக்கும் இடத்தில் எட்டிப் பார்க்கும். கசிவு எந்த வகைக் காரில் என்பதைப் பொறுத்து அறிகுறியும் மாறும். உள்ளே வரும் காற்றை டர்போவுக்கு முன்னால் அளக்கும் காரில், அளந்த காற்று வழியில் தப்பிப் போவதால் எரிபொருள் மிகுந்து கரும்புகை வரும். எஞ்சின் வாயிலில் அழுத்தத்தை மட்டும் அளக்கும் காரில், குறையை ஈடுகட்ட டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றும்படி கணினி கட்டளையிடும். சிறிய கசிவாக இருந்தால் ஓட்டுநருக்கு ஒன்றுமே தெரியாது. டர்போ மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும். அடைப்பு பின்பக்கம் என்று சந்தேகம் வந்தால், ஆக்சிஜன் உணரியைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி மாட்டிப் பார்ப்பது பழைய வழி. உருகிய வினையூக்கிப் பெட்டியைப் பிடிக்க அதைவிட எளிய சோதனை இல்லை.

1990களில் டீசல் கார்களுக்கு, புகைச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு இதழ்கள் திறந்து மூடும் டர்போ வந்தது. மெதுவான வேகத்திலும் அழுத்தம் கிடைத்தது. டீசல் கார் என்றால் சோம்பல் என்ற பெயர் மாறியது. ஊருக்குள்ளேயே நிதானமாக ஓடும் வண்டியில் இதழ்களுக்கிடையே கரி படியும். ஒருநாள் நெடுஞ்சாலையில் முந்தப் போகும்போது இதழ் நகர மறுக்கும், அழுத்தம் அளவு மீறும், கணினி உடனே இழுவையைப் பறித்துக்கொள்ளும். ஓரம் கட்டி, சாவியை அணைத்துப் போட்டால் வண்டி பழையபடி பறக்கும். ஐரோப்பாவின் ஃபோக்ஸ்வாகன் டிடிஐ உரிமையாளர்கள் இதை நன்றாக அறிவார்கள். பட்டறைக்குப் போகும் நேரத்தில் வண்டி ஒழுங்காக இருக்கும், மெக்கானிக் கையை விரிப்பார். இதழ்களை அசைக்கும் வேக்குவம் குழாய் மெல்லியது. அதில் ஒரு சிறு வெடிப்பு விழுந்தாலும், அதை ஆளும் மின்வால்வு மந்தப்பட்டாலும் புகார் கிட்டத்தட்ட இதேதான். ஓடும்போதே ‘கேட்ட அழுத்தம்’, ‘கிடைத்த அழுத்தம்’ என்ற இரண்டு கோடுகளைக் கணினியில் பதிவு செய்து, அவை பிரியும் இடத்தைப் பார்த்துத்தான் இதைப் பிடிக்க முடிந்தது.

பிரான்சின் பி.எஸ்.ஏ.வும் ஃபோர்டும் சேர்ந்து உருவாக்கிய 1.6 லிட்டர் டீசல் எஞ்சின் 2000களில் பெஜோ, சித்ரோன், ஃபோர்டு, வோல்வோ, மாஸ்டா என்று பல பெயர்களில் ஓடியது. டர்போ செத்துவிட்டது என்று வந்த அந்த வண்டிகளுக்குப் புது டர்போ மாட்டினால், சில நேரம் அதுவும் சீக்கிரமே சாகும். மூலம் டர்போவிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தது. இன்ஜெக்டர்களுக்கு அடியிலுள்ள வாஷர் கசிந்து, எரிந்த வாயு எண்ணெய்க்குள் இறங்கும். எண்ணெயில் கரி சேர்ந்து சேறாகும். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் போல்ட்டுக்குள் ஒரு நுண்சல்லடை. சேறு அதில் அடைத்துக்கொள்ள, தண்டு எண்ணெய் இல்லாமல் காய்ந்துவிடும். புது டர்போவும் அதே வறண்ட குழாயின் முனையில்தான் போய் உட்கார்ந்தது. குழாயை மாற்றி, எண்ணெய்ச் சட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் போதுமான அளவு வந்து சேர்கிறதா என்று ஒரு பாத்திரத்தில் பிடித்து அளந்த பிறகே புது டர்போ மாட்ட வேண்டும் என்பது நல்ல பட்டறைகளின் வழக்கமாயிற்று.

அமெரிக்காவில் 2011 மாடலாக வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் புகார் இன்னும் விநோதமானது. சீராக ஓட்டிவந்து, முந்துவதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் எஞ்சின் உதறி இழுவை போய்விடும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மழையிலும் ஈரக் காற்றிலுமே பெரும்பாலும் அது நடந்தது. 2013இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் விசாரணை தொடங்கியது. இன்டர்கூலர் தன் வேலையை மிக நன்றாகச் செய்ததே காரணம். அமுக்கிய காற்றை அது அவ்வளவு குளிர்விக்க, காற்றிலிருந்த ஈரம் உள்ளேயே நீராகி அடியில் தேங்கியது. நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓடியபின் திடீரென்று காற்று வேகமாகப் பாய்ந்தால் அந்த நீர் மொத்தமாக எஞ்சினுக்குள் போகும், எரிதல் தப்பும், கணினி திறனைக் குறைக்கும். சில உரிமையாளர்கள் இன்டர்கூலரின் அடியில் நூல் அளவு துளை போட்டுத் தண்ணீரை வடியவிட்டார்கள். ஃபோர்டு தன் பட்டறைகளுக்குச் சொன்ன வழி வேறு: இன்டர்கூலரில் மோதும் வெளிக்காற்றைக் கொஞ்சம் திருப்பிவிட ஒரு தடுப்பு பொருத்தி, எஞ்சின் கணினியின் நிரலையும் மாற்றி எழுதுவது.